கையில் தூக்கிச் செல்லும் கேமிங் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வேலை கொழும்பில். வீடு ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குகிறேன். ஒரு சிறிய பெட்டிக்குள் (கேசிங்) பொருத்திய மேசைக் கணினியான என் கேமிங் கணினியும் இரண்டு வருடமாக என்னோடு ஏறி இறங்குகிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமல் விடுவதில்லை. ஊருக்குப் போனால் தம்பிமார் சூழ்ந்துகொள்கிறார்கள். இதுவரை ஆறு பேருக்கு இப்படியொன்றைப் பொருத்திக் கொடுத்துவிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் கேட்டது ஏறக்குறைய இவற்றைத்தான். நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கங்களிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வந்துபோகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று பதில்களை எழுதிவைக்கிறேன்.

லெப்டொப் வாங்கினால் போதாதா அண்ணா?

பலருக்குப் போதும். வகுப்பிலும் விடுதிக் கட்டிலிலும் பயணத்திலும் திறந்து வேலை செய்ய வேண்டியவர் லெப்டொப்தான் வாங்க வேண்டும். நான் சொல்லும் பெட்டி, இரண்டே இடங்களில் உட்கார்ந்து விளையாடுகிறவருக்கு: கொழும்பில் ஓர் அறை, மலையில் ஒரு வீடு, இடையில் ஐந்தாறு மணிநேரப் பயணம்.

அப்படிப்பட்டவருக்குப் பெட்டியே நல்லது என்று நான் சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பெயர் ஒன்றாக இருந்தாலும் பலம் ஒன்றல்ல. ஆர்டிஎக்ஸ் 4060 (விளையாட்டின் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் சிப் ஒன்றின் பெயர்) என்று லெப்டொப்பில் எழுதியிருந்தால், அந்தச் சிப்புக்குத் தயாரிப்பாளர் 35 வாட்டும் கொடுத்திருக்கலாம், 115 வாட்டும் கொடுத்திருக்கலாம். மெல்லிய உடம்புக்குள் அடைத்தால் சூடு தாங்காது என்பதால் பலர் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். மேசைக் கணினிக்கான 4060 கார்ட் 115 வாட்டையும் முழுதாக எடுத்து ஓடும். இரண்டாவது, பழுது. லெப்டொப்பில் கிராஃபிக்ஸ் சிப் மதர்போர்டோடு (உறுப்புகள் எல்லாம் இணையும் தாய்ப்பலகையோடு) ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அது போனால் போர்டே போனதுதான். பெட்டியில் பழுதான உறுப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனால் அன்றைக்கே மாற்றிக்கொண்டு வரலாம்.

எவ்வளவு சிறியதாக இருந்தால் "சிறியது"?

கேசிங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் கணக்கு வரும். 32 × 16 × 20 என்றால் 10 லீற்றருக்குச் சற்று மேல். சாதாரண மேசைக் கணினிக் கேசிங் 40 லீற்றரைத் தாண்டும். ஐந்து லீற்றர் கேன் இரண்டைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். நீங்கள் தேட வேண்டிய அளவு அதுதான்.

7 லீற்றருக்கும் கீழே போகலாம்; போகிறவர்களும் இருக்கிறார்கள். முதன்முறை பொருத்துகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கேபிளையும் நூல் கோப்பதைப் போலக் கோக்க வேண்டிவரும். ஒரு மாற்றம் செய்ய எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். 10 முதல் 12 லீற்றர் வரை நிதானமான இடம். 18 லீற்றர் வரையுள்ள கேசிங்குகள் விலை குறைவு, வேலையும் இலகு. ஆனால் கோட்டை பஸ் நிலையத்தில் கூட்டத்துக்குள் ஒரு கையில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தவருக்குத்தான் அந்த எட்டு லீற்றர் வித்தியாசம் தெரியும்.

என் பெட்டி எல்லாம் பூட்டிய பிறகு தராசில் 5.8 கிலோ. அம்மா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொழுந்துக் கூடையில் பாதிகூட இல்லையே" என்றார். முப்பது வருடம் கொழுந்து சுமந்த கை அது. அவர் சொன்ன பிறகு எனக்கும் அந்த எடையில் நம்பிக்கை வந்துவிட்டது.

என்னென்ன வாங்க வேண்டும்? எதிலிருந்து தொடங்குவது?

கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குங்கள். கார்ட் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறதோ அதை வைத்துத்தான் பவர் சப்ளை, சூடு, கேசிங் மூன்றும் தீர்மானமாகும். சிறிய பெட்டிக்கு ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 115 வாட் கார்ட் பொருத்தமானது. 5060 என்றால் 145 வாட், ஆர்எக்ஸ் 7600 என்றால் 165 வாட். 200 வாட்டைத் தாண்டும் கார்டைப் பத்து லீற்றருக்குள் வைக்கலாம். ஆனால் கொழும்புச் சூட்டில் விசிறி கத்திக்கொண்டே இருக்கும்.

மதர்போர்ட் மினி ஐடிஎக்ஸ்: 170 மில்லிமீற்றர் சதுரம். ரேம் செருக இரண்டே இடங்கள் இருக்கும் என்பதால் ஆரம்பத்திலேயே 16 ஜிபி இரண்டாக வாங்கிவிடுங்கள். பிறகு சேர்க்க இடமிருக்காது. வைஃபை உள்ளதாகவே பாருங்கள். புரொசசருக்கு ரைசன் 5 7600 போதும் என்பது என் கருத்து. 65 வாட் என்று எழுதியிருக்கும், உச்சத்தில் 88 வாட் வரை எடுக்கும். பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் வகை: 125 × 100 × 63.5 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் கார்டுக்கு 115, புரொசசருக்கு 88, மற்றவைக்கு ஐம்பது. மொத்தம் ஏறக்குறைய 250 வாட். 450 வாட் பவர் சப்ளை தாராளம். 850 வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்தினால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சேமிப்புக்கு எம்.2 எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சிறு பட்டை) மட்டும். மதர்போர்டிலேயே படுத்துக்கொள்ளும், கேபிள் கிடையாது, குலுங்கினால் கழன்று விழ எதுவும் இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கை இந்தப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஓர் அளவு: கார்டின் நீளம், தடிப்பு இரண்டையும், புரொசசர் கூலரின் உயரத்தையும் கேசிங் விவரத்தோடு ஒப்பிடுங்கள். கூலருக்கு 37 அல்லது 47 மில்லிமீற்றர்தான் இடம் என்று சில கேசிங்குகள் சொல்லும். கார்டின் பவர் கேபிள் வளைந்து திரும்பவும் இரண்டு விரல் இடம் வேண்டும். நான் பொருத்திக் கொடுத்த ஒரு தம்பியின் பெட்டியில் எல்லாம் சரியாக இருந்து, அந்த வளைவு ஒன்றால் மட்டும் மூடி பூட்டவில்லை.

மொனிட்டரையும் தூக்கிக்கொண்டு போவதா?

வேண்டாம். இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். இரண்டு முனையிலும் ஒவ்வொரு திரை இருக்கட்டும், நடுவில் பெட்டி மட்டும் போகட்டும். பாவித்த 24 அங்குல மொனிட்டர் ஒன்றை வாங்கி ஊரில் வைத்துவிடுங்கள். கீபோர்டும் மவுசும்கூட மலிவானதாக ஓர் இணை அங்கேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள தொலைக்காட்சிதான் திரை. நாடக நேரத்தில் அது அம்மாவுடையது, அதன் பிறகு என்னுடையது.

15.6 அங்குலக் கையடக்க மொனிட்டர் வாங்குவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றின் விளம்பரத்தில் ஒரே டைப் சி கேபிளில் படமும் மின்சாரமும் போவதாகக் காட்டுவார்கள். அது லெப்டொப்புக்குச் சரி. பெரும்பாலான மேசைக் கணினி கார்டுகளில் டைப் சி துவாரமே இல்லை. படத்துக்கு எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, மின்சாரத்துக்கு வேறொன்று என இரண்டு வேண்டும்.

பஸ்ஸில் குலுங்கி உடையாதா?

கவனமில்லாமல் கொண்டுபோனால் உடையும். முதல் பயணத்தில் பெட்டியைப் பஸ்ஸின் மேல் தட்டில் வைத்தேன். அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல வரை ஒன்றுமில்லை. கினிகத்தேனை வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சறுக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் வந்து போட்டால் திரையில் படமில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். கார்டைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளில் ஒன்று இல்லை. டோர்ச் அடித்துத் தேடியபோது, பவர் சப்ளை விசிறியின் கம்பி வலைமேல் அது மின்னிக்கொண்டு கிடந்தது. கார்ட் தன் துவாரத்திலிருந்து ஒரு தீக்குச்சித் தடிப்புக்குச் சாய்ந்திருந்தது. வலையைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு நெடுநேரம் தூங்கவில்லை.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு கார்டின் திருகாணிகளையும் கூலரின் திருகாணிகளையும் ஒரு தடவை திருப்புளியால் தொட்டுப் பார்ப்பேன். இறுக்கி முறிக்கத் தேவையில்லை, தளர்ந்திருக்கக் கூடாது. கார்டின் வால் பக்கத்துக்கு அடியில் கடினமான ஸ்பொஞ்சுத் துண்டொன்றை அளவாக வெட்டிச் செருகுவேன், போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிடுவேன். வைஃபை அன்டனாக்களைக் கழற்றித் தனியாக வைப்பேன். அவற்றோடு அழுத்தினால் முறிவது மதர்போர்டின் பின்பக்கத் திருகுதான்.

பிறகு பெட்டியை எப்படிப் படுக்கவைப்பது என்பது. கார்ட் நேராக மதர்போர்டில் செருகியிருக்கும் கேசிங் என்றால், மதர்போர்ட் அடியில், தரைக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும்படி வையுங்கள். அப்போது கார்ட் செங்குத்தாக நிற்கும், அதன் எடை துவாரத்துக்குள் நேராக இறங்கும், பக்கவாட்டில் இழுக்காது. பள்ளிக்கூடப் பைக்குள் கம்பளி ஒன்றால் சுற்றி, மடியில் அல்லது கால்களுக்கு நடுவில். மேல் தட்டிலும் பஸ்ஸின் பின் டிக்கியிலும் ஒருபோதும் வேண்டாம்.

உயரமான, கனமான கூலரும் இந்தப் பயணத்துக்கு ஆகாது; மதர்போர்டில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு குழிக்கும் நெம்பும். தட்டையான கூலர் நல்லது. தண்ணீர்க் கூலரும் வேலை செய்யும்தான். ஆனாலும் அடிக்கடி மலையேறும் பெட்டிக்குள் தண்ணீரை வைக்க எனக்கு மனமில்லை.

லயன் வீட்டு மின்சாரத்தில் போடலாமா?

போடலாம், சிலவற்றைச் சரிசெய்த பிறகு. பழைய லயன் காம்பிராக்களில் வயரிங் பல கைகள் பட்டு நீண்டது. பல இடங்களில் எர்த் கம்பியே இல்லை. கணினியின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறதா? அதுதான் அடையாளம். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் கேசிங்கோடு இணைந்திருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் நமது 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேசிங்கிலேயே நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியதாகையால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் தொலைக்காட்சியின் துவாரம் பழுதாகலாம். உள்ளே நிஜமான பழுது ஒன்று வந்தால் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கவும் எதுவும் இருக்காது. அப்போது அது உயிர் ஆபத்துதான்.

ஆகவே கணினிக்குச் செலவழிக்கும் காசில் சிறு பகுதியை முதலில் ஓர் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள். எர்த் கம்பி இறக்கி, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது கணினிக்கு மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். 13 அம்பியர் துவாரத்தில் எர்த் ஓட்டைக்குள் பேனா மூடியைச் செருகி இரண்டு முள் பிளக்கைப் போடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பழைய உருண்டை முள் துவாரம் இருக்கும் வீட்டுக்கு மூன்று முள்ளும் உள்ள நல்ல அடப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் எல்லா வீட்டிலும் மின்சாரம் பாவிக்கும் நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கினால் பயப்பட வேண்டாம். 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும் பவர் சப்ளை அதைத் தாங்கும். பின்னால் சிவப்பு சுவிட்ச் வைத்த மலிவான பழையவற்றை வாங்காதீர்கள். 115 பக்கம் தவறுதலாகத் தள்ளினால் இங்கே வெடிக்கும்.

மின்வெட்டுக்கு ஊர் வீட்டில் ஒரு யூபிஎஸ் இருந்தால் நல்லது, சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். ஈய பட்டரி கனம் என்பதால் அதைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி தொடங்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. ரவுட்டரிலிருந்து வரும் கேபிளும் கழற்றப்பட வேண்டும்; மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மலையில் குளிர், கொழும்பில் சூடு. எது கெடுதல்?

சூடுதான் சோதனை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகத்தான் அள்ளிச் செல்லும். ஆனால் அங்கே சராசரி வெப்பம் 16 பாகைக்குக் கிட்ட, கொழும்பில் 28. அந்தப் பன்னிரண்டு பாகை மெல்லிய காற்றின் குறையை ஈடுசெய்துவிடும். எனவே பெட்டியை மலையில் பொருத்திச் சோதித்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று முடிவெடுக்காதீர்கள். வெள்ளவத்தையில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு மணிநேரம் விளையாடிப் பாருங்கள். ரைசன் 7600இன் மேல் எல்லை 95 பாகை. அதைத் தொட்டுக்கொண்டே நின்றால் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) புரொசசரின் மின் அளவைக் குறையுங்கள். விளையாட்டின் வேகத்தில் சிறிதளவுதான் போகும், சத்தம் பாதியாகும்.

மூடுபனியும் ஈரமும்?

ஏசி பஸ்ஸிலிருந்து கொழும்பில் இறங்கியவுடன் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகும், பார்த்திருப்பீர்கள். அதே ஈரம்தான் குளிர்ந்த பெட்டிக்குள்ளும் படியும். அறைக்கு வந்ததும் பையைத் திறக்காமல் ஒரு மணிநேரம் வைத்து, பிறகு திறந்து இன்னொரு அரைமணி விட்டுப் போடுங்கள். உலோகம் கைக்குச் சில்லென்று இருந்தால் இன்னும் பொறுங்கள். மழைக்காலத்தில் ஊரிலேயே வாரக்கணக்கில் கிடப்பதானால் தினமும் சற்று நேரம் ஓடவிடுங்கள். சொந்தச் சூட்டிலேயே அது காய்ந்துகொள்ளும்.

சுத்தம் செய்வது எப்போது?

விறகடுப்பு இருக்கும் வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அடுப்புப் புகை தூசியோடு சேர்ந்து விசிறி இறக்கைகளில் பிசுபிசுப்பாக ஒட்டும். ஊதினால் போகாது, மெல்லிய தூரிகையால் தேய்க்க வேண்டும். விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தேயுங்கள். முடிந்தால் பெட்டியைக் குசினிக்கு அடுத்த சுவரில் வைக்காதீர்கள்.

தோட்டத்தில் இணையம் மெதுவாக இருக்கிறதே?

பெரிய விளையாட்டுகளைக் கொழும்பிலேயே தரவிறக்கி, ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். சில 100 ஜிபியைத் தாண்டும், மலையில் டேட்டாவுக்குக் கட்டுபடியாகாது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலியில் 2023 முதல் ஒரே வலையமைப்பில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்தே விளையாட்டைப் பிரதியெடுக்கலாம். நண்பரிடம் இருந்தால் இணையச் செலவே இல்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன். விமானத்தில் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். பல விமான நிறுவனங்களில் கைப்பைக்கு 7 கிலோ எல்லை. ஆறு கிலோப் பெட்டி அதற்குள் அடங்கும், ஆனால் வேறெதற்கும் இடமிருக்காது. பெட்டியைச் சரக்கில் போடுவதானால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான், 100 வாட்-மணி (Wh) அளவுக்குள். திருப்புளி சரக்குப் பையில். டுபாயிலும் கட்டாரிலும் நமது 13 அம்பியர் சதுர முள்ளே பாவனையில் இருக்கிறது.

பாவித்த கார்ட் வாங்கலாமா?

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, பாவித்த பொருள் இல்லாமல் நம்மில் பலரால் கணினியே கட்ட முடியாது. வாங்கலாம். அதே வருடம் செப்டெம்பரில் எதீரியம் என்ற மறைநாணயத்துக்கான மைனிங் நின்றபோது, அதற்காக இரவு பகலாக ஓடிய பல கார்டுகள் சந்தைக்கு வந்தன. காசு கொடுக்கும் முன் அரைமணிநேரம் விளையாட்டைப் போட்டுப் பாருங்கள், விசிறியை விரலால் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் சப்ளை மட்டும் புதிதாகவே இருக்கட்டும். அது போனால் மற்றவற்றையும் கொண்டுபோகும்.

"விளையாட்டுப் பெட்டிக்கு இவ்வளவு காசா?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கேட்பது நியாயம். நாட்சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். இதே பெட்டியில் வீடியோ தொகுக்கலாம், கட்டட வரைபடம் போடலாம், முப்பரிமாண வடிவமைப்புப் படிக்கலாம். நான் பொருத்திக் கொடுத்த ஆறில் இரண்டு இன்று கல்யாண வீடியோ தொகுக்கின்றன. ஆனால் விளையாடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், உங்கள் சொந்தக் காசில் வாங்குங்கள், கடனில் வேண்டாம்.

பொருத்தி முடித்துப் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. பழுதா?

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். டிடிஆர்5 ரேம் உள்ள ஏஎம்5 போர்டுகள் (ரைசன் 5 7600 பொருந்தும் வகை) முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரம் திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எழுந்துபோய் ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டு வாருங்கள். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் வரவில்லையென்றால் ரேமைக் கழற்றி "டிக்" சத்தம் கேட்கும்வரை மீண்டும் அழுத்துங்கள், பிறகு கார்டின் பவர் கேபிளைப் பாருங்கள். படம் வந்து விளையாட்டு மட்டும் நத்தையாக நகர்ந்தால், மொனிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். அதைக் கழற்றிக் கீழே கிராஃபிக்ஸ் கார்டின் துவாரத்தில் செருகுங்கள்.